குமாரி வீட்டு வாசலில்

காத்மாண்டுவில் முதல் நாள் பசுபதிநாதரைத் தரிசித்துவிட்டு, மறுநாள் காலை தர்பார் சதுக்கத்துக்குக் கிளம்பிக் கொண்டிருந்தோம். அப்போதுதான் என் 12 வயது மகள் பாத்ரூமிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, வந்திடுச்சு" என்றாள். அவள் பெரியவளாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

எனக்குத் திக்கென்றது. சதுக்கம் முழுக்கக் கோயில்களாயிற்றே! "நாங்க ரெண்டு பேரும் ரூமிலேயே இருக்கோம். நீங்க தம்பியைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றேன்.

"அது தெருதானே? கோயிலுக்குள்ளே போக வேண்டாம், அவ்வளவுதான்" என்றார் இவர். அரை மனதோடு புறப்பட்டேன்.

மல்ல ராஜாக்களின் பழைய அரண்மனையைச் சுற்றி, செங்கல்லும் செதுக்கிய மரமுமாக அடுக்குக் கூரைக் கோயில்கள். காத்மாண்டு என்ற பெயரைத் தந்த காஷ்டமண்டபமும் இங்கேதான். 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் அடியோடு விழுந்ததைப் பழைய மாதிரியே மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஒரு கோயிலின் மாடி ஜன்னலில் மரத்தாலான சிவனும் பார்வதியும் சேர்ந்து நின்று, தெருவை வேடிக்கை பார்க்கிறார்கள்!

எதிரே குமாரியின் வீடு. 1757-ல் கட்டியது. பூகம்பத்துக்கும் அசையவில்லை. சாக்கிய குலத்துச் சிறுமி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, தலேஜு அம்மனாகவே பாவித்து அங்கே வைத்திருக்கிறார்கள். விழா நாட்களில் மட்டும் வெளியே வருவாள். அப்போதும் கால் தரையில் படக் கூடாது.

இவரும் பையனும் உள்ளே போனார்கள். நான் மகளோடு வாசலிலிருந்த கல் சிங்கத்தின் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். சற்று நேரத்தில் பையன் ஓடி வந்தான். "அக்கா, ஜன்னல்லே வந்தா! கண்ணிலே இவ்வளவு மை! சிரிக்கவே இல்லே."

மகளின் முகம் வாடிப் போயிற்று. "இவ எத்தனை வயசு வரைக்கும் சாமியா இருப்பா?" என்று வழிகாட்டியிடம் கேட்டாள். முதல் மாதவிலக்கு வரும் வரைக்கும்தானாம். பிறகு பெற்றவர்களிடம் திரும்பிவிடுவாள். வேறொரு குழந்தை வரும்.

"அவ என்னம்மா தப்புப் பண்ணினா?"

எனக்குப் பதில் வரவில்லை. நாலு மாதத்துக்கு முன் இவளைத் தனி அறையில், தனித் தட்டும் டம்ளரும் கொடுத்து உட்கார வைத்தவள் நான்தானே? உடம்பு வளர்வதன் அடையாளம் அது என்று எடுத்துச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவள் கையைப் பிடித்து முற்றத்துக்குள் அழைத்துப் போனேன். அரை மணி நேரம் காத்திருந்தோம். குமாரி மறுபடி வரவில்லை.

"பரவாயில்லேம்மா" என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்களும் போவதானால், நம்மவர்களுக்கு விசா தேவையில்லை. பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். ஊர் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஸ்வெட்டர் அவசியம். முற்றத்தில் குமாரியைப் படம் எடுக்கக் கூடாது. பெண் குழந்தை கூட வந்தால் கைப்பையில் நாப்கின் இருக்கட்டும். ஆனால் அவளை வாசலில் மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் அந்தத் தனித் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கினேன். இப்போது எது அவளுடையது என்று எனக்கே தெரிவதில்லை.