தாத்தாவின் ஆட்டு நோட்டு

ரிட்டயர்டு ஆனால் ஓய்வு என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் தாத்தா ரிட்டயர்டு ஆனதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு போய்விட்டது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் தாத்தா நூல் மில்லில் 36 வருடம் வேலை பார்த்தவர். 2022-ல் 58 வயது முடிந்து வீட்டுக்கு வந்தார். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்த பழக்கத்தில், ராத்திரி 2 மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பி.எஃப். பணம் வந்ததும், "போஸ்ட் ஆபீஸ்ல போட்டு வட்டி வாங்கலாம்" என்றார் ஆயா. தாத்தா கேட்கவில்லை. "வட்டி குட்டி போடும்பாங்க. நான் நெசமாவே குட்டி போடுறத வாங்குறேன்" என்று சொல்லி, 20 பெட்டை ஆடும் ஒரு கிடாவும் வாங்கி வந்துவிட்டார். ஆயா இரண்டு நாள் தாத்தாவிடம் பேசவே இல்லை.

எல்லாம் மேச்சேரி ஆடுகள். செம்மறிதான், ஆனால் கம்பளி வெட்டும் வேலை இல்லை. முடி குட்டையாக, செம்மண் நிறத்தில் இருக்கும். கிடாவுக்கும் கொம்பு கிடையாது. இந்த ஆட்டுத் தோலுக்கு நல்ல மதிப்பு உண்டு. எங்கள் கொரங்காட்டில் சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கின்றன. மழை குறைந்தாலும் ஆடு பிழைத்துக்கொள்ளும்.

ஆட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு தெரியாது. காலையில் ஆயா பட்டியைக் கூட்டுவார். நான் தண்ணீர் ஊற்றுவேன். தம்பி அகத்தித் தழை ஒடிப்பான். அப்பா வேலி அடைப்பார். தாத்தா ஒரு நீளமான நோட்டில் எல்லாம் எழுதுவார். எந்த ஆடு எப்போது சினை, எப்போது குடற்புழு மருந்து என்று தேதி போட்டு வைப்பார். சினை பிடித்து 5 மாதத்தில் குட்டி. முதல் தடவை கிடாக்குட்டிகளை விற்ற காசில் ஆயாவுக்குச் சுங்குடிச் சேலை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆயா ஆடுகளைத் திட்டுவதில்லை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் நான் பள்ளிக்கூடம் வரும் வழியில், கால்நடை மருந்தகத்து அண்ணன் வண்டியை நிறுத்தி, "பாப்பா, புதன்கிழமை கோயில் திடல்ல துள்ளுமாரி ஊசி போடுறோம், தாத்தாகிட்ட சொல்லிடு" என்றார். சரி என்றேன். அன்று சாயங்காலம் கோ-கோ பிராக்டிஸ். வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். சுத்தமாக மறந்தே போச்சு.

அக்டோபரில் நல்ல மழை. காடு முழுக்கப் பச்சை. ஆடுகள் ஆசை தீர மேய்ந்தன. ஒருநாள் விடிந்து பார்த்தால் 4 குட்டிகள் செத்துக் கிடந்தன. நல்லாக் கொழுகொழுவென்று இருந்த குட்டிகள்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, துள்ளுமாரி நோய் என்றார். இளம்புல்லை அதிகமாகத் தின்னும்போது குடலில் இருக்கும் கிருமி பெருகி விஷம் உண்டாக்குமாம். வைத்தியம் பார்க்க நேரமே இருக்காதாம். மழைக்கு முன்னாலேயே ஊசி போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம்.

தாத்தா குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "36 வருசம் மெஷின் பாத்தவனுக்கு உசுரு பாக்கத் தெரியல" என்றார். சாயங்காலமே வியாபாரிக்குப் போன் போட்டு, மொத்த ஆட்டையும் விலை கேட்டார். வியாபாரி பாதி விலைதான் சொன்னார். அதற்கும் தாத்தா சரி என்று சொல்லப் போனார்.

எனக்கு வயிறு கலங்கியது. சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் தாத்தா செய்யாத தப்புக்கு ஆடெல்லாம் போய்விடும். "தாத்தா, ஊசி போடுறதா எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்" என்று அழுதுகொண்டே சொன்னேன். தம்பிகூடப் பேசவில்லை. தாத்தா போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அடிக்கவில்லை. உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்தார்.

"மில்லுல ஷிப்டு மாறும்போது அடுத்த ஆளுக்கு எழுதி வைக்காமப் போகக் கூடாது சாமி. காதுல கேட்டதக் கையில எழுதிடணும். இனிமே நோட்டு உன் பொறுப்பு" என்றார். முதல் வரியாக அந்த 4 குட்டிகளையும் என்னையே எழுதச் சொன்னார். அடி வாங்கியிருந்தாலே பரவாயில்லை என்று இருந்தது.

ஆடுகளை விற்கவில்லை. 2025 செப்டம்பரில் நானே தேதி கேட்டு வந்து, எல்லா ஆட்டுக்கும் ஊசி போட வைத்தேன். அந்த மழைக்காலத்தில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. தாத்தா இப்போதும் ராத்திரி 2 மணிக்கு எழுந்துகொள்கிறார். ஆனால் திண்ணையில் சும்மா உட்காருவதில்லை. டார்ச் அடித்துப் பட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறார்.

ஆடு வளர்க்கும் வீட்டுத் தோழர், தோழியரே! மழைக்கு முன்னால் துள்ளுமாரி ஊசி எப்போது என்று கேளுங்கள். யாராவது பெரியவர்களிடம் சொல்லச் சொன்னால் உடனே எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு இல்லாவிட்டால் உள்ளங்கையிலாவது எழுதுங்கள்.