கடைசி வரி வரைக்கும் வாசி!



தெரியாத சொல் வந்தால் அக்கம்பக்கத்து வரிகளைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்கலாம் என்று தமிழ் ஐயா சொல்வார். அதை அரைகுறையாகச் செய்து நான் தலைகுனிந்த கதை இது.

கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் அப்பத்தாவுக்கு ஓர் அலுவலகக் கடிதம் வந்தது. "வாசிச்சுச் சொல்லு தாயி" என்றது. முதல் வரியில் 'தங்கள் பெயரில் ரூ.1,840 நிலுவையில் உள்ளது' என்று இருந்தது. நிலுவை என்றால் எனக்குத் தெரியாது. 'தங்கள் பெயரில் உள்ளது' என்பதை வைத்து, "உனக்குப் பணம் வந்திருக்கு அப்பத்தா" என்று சொல்லிவிட்டேன். அப்பத்தாவுக்கு ஒரே சந்தோசம். திருவிழாவுக்குச் சேலை எடுத்து வைக்கச் சொல்லி ஜவுளிக்காரரிடம் சொல்லியும் விட்டது.

ராத்திரி மறுபடி வாசித்தேன். மூன்றாவது வரியில் '15 நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் வட்டி சேர்க்கப்படும்' என்று இருந்தது. எனக்குப் பக்கென்றது. செலுத்த வேண்டியது நாங்கள்! நிலுவை என்றால் கட்டாத பாக்கி. அழுதுகொண்டே சொன்னேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "முழுசா வாசிச்சிருக்கலாம்ல தாயி" என்றது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வகுப்பில் இதைச் சொன்னேன். ஐயா கரும்பலகையில் 'ஆகோள்' என்று எழுதினார். நம் மாவட்டத்தில் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகல் ஒன்றில், தமிழி எழுத்தில் உள்ள சொல்லாம்.

"கோள் சொல்றதா ஐயா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

"நடுகல் யாருக்கு நடுவாங்க?"

"சண்டையில செத்த வீரனுக்கு."

"ஆ-ன்னா?"

"பசு!"

"அப்போ கோள்?"

"கொள்றது... மாட்டைப் பிடிச்சிட்டுப் போற சண்டை!" என்று கத்தினோம்.

"சரி. ஆனா ஊகம் மட்டும் போதாது. தொல்காப்பியத்துல வெட்சித் திணையிலயும் இந்தச் சொல் இருக்கு. அதான் சான்று" என்றார். அந்தக் கல்லில் 'கூடல் ஊர்' என்றும் இருக்கிறதாம். "நம்ம கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரா ஐயா?" என்று கேட்டேன். "பேரு ஒண்ணா இருந்தா ஆச்சா? வேற சான்றும் வேணும்ல" என்றார். கடித ஞாபகம் வந்து எனக்குச் சுருக்கென்றது.

இப்போது தெரியாத சொல் வந்தால் முதலில் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறேன். ஊகித்த அர்த்தத்தைப் பென்சிலால் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போடுகிறேன். பிறகு அகராதி பார்க்கிறேன். மருந்துச் சீட்டு, பூச்சிமருந்து டப்பா என்றால் ஊகிக்கவே மாட்டேன். தெரிந்தவர்களிடம் கேட்பேன்.

போன வாரம் இன்னொரு கடிதம் வந்தது. அப்பத்தா என்னிடம்தான் நீட்டியது. "கடைசி வரி வரைக்கும் வாசி தாயி" என்று சிரித்தது. நீங்களும் அப்படியே வாசியுங்கள் தோழிகளே!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, வீரபாண்டி