ஐந்து ஸ்பீக்கரும் ஒரு நாற்காலியும்

2009இல் எனக்கு வேலை நிரந்தரமானது. கைக்கு வந்த நிலுவைத் தொகையில் எனக்கென்று ஒன்றே ஒன்று வாங்கினேன்: ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் செட். கே.பி. சுந்தராம்பாளின் குரலை நல்ல கருவியில் ஒருமுறையாவது முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அம்மாவிடமிருந்து வந்த ஆசை அது. 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ படத்தைப் பல ஆண்டுகள் கழித்து டென்ட் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தவள் அம்மா. அந்தக் குரலைப் பற்றிப் பேசும்போது அவளுடைய குரலும் கொஞ்சம் நிமிரும்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனோம். கையோடு சி.டி. கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் என் கணவரைப் பார்த்தே பேசினார். “பேஸ் எப்படி இறங்குது பாருங்க சார். நெஞ்சுல வந்து அடிக்கும்.” அடிக்கத்தான் செய்தது. சி.டி.யை நீட்டினேன். “இது பழைய ரெக்கார்டிங் மேடம், இதுல சிஸ்டத்தோட அருமை தெரியாது” என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் கேட்க விரும்பிய ஒன்றைக் கேட்டுப் பார்க்காமலே அந்தப் பொருளை வாங்கினேன். பணத்தை எண்ணிக் கொடுத்தது நான். “பில் சார் பேர்ல போட்டுடவா?” என்றார். நானும் தலையாட்டினேன். இன்றுவரை எனக்கு உறுத்துவது அந்தத் தலையாட்டல்தான்.

அட்டைப் பெட்டியின்மேல் 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கருவியின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆர்.எம்.எஸ். 60 வாட்ஸ். பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்குக் கருவி எட்டக்கூடிய உச்சம் என்று சொல்லிக்கொள்ளும் கணக்கு. அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய உண்மையான திறன் ஆர்.எம்.எஸ். கணக்குதான். இதையெல்லாம் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறைத் தோழி பிறகுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கையேட்டைப் பிரித்தோம். அதில் ஒரு படம். சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், ஓரமாக ஒரு சப்வூஃபர், நடுவில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் இருப்பவருக்குத்தான் எல்லாத் திசையிலிருந்தும் ஒலி சரியாக வந்துசேரும். கணவர் அளவு நாடா வைத்து அளந்து தன் பிரம்பு நாற்காலியைச் சரியாக அந்த இடத்தில் போட்டார். அதில் அவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நானும் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுந்தராம்பாளைப் போட்டோம். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. மூன்று அங்குல ஸ்பீக்கர்களால் கீழ்க்குரலை எடுக்க முடியாது. சப்வூஃபரோ அதிர்வுக்கு மட்டும் ஆனது. பெண்குரலின் அடிநாதம் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. எங்கள் செட்டில் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை இருந்தது அங்கேதான். மைக் இல்லாமல் நாடக மேடையில் பாடி வளர்ந்த குரல் அந்த ஓட்டையில் விழுந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நம்ம ரேடியோவுலயே நல்லா கேக்குமேடி” என்றாள்.

மாலையில் கணவர் பாட்டுப் போடுவார். நான் அடுப்படியில் இருப்பேன். எனக்கு வந்தது ‘டம் டம்’ மட்டும்தான். “சத்தத்தைக் கூட்டட்டுமா?” என்று அங்கிருந்தே அன்பாகக் கேட்பார். கூட்டினால் டம் டம்மும் கூடும், பாத்திரங்கள் அதிரும். இதற்கும் தோழிதான் காரணம் சொன்னாள். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 19 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அது சுவரையும் கதவையும் எளிதாகக் கடந்து வந்துவிடும். வல்லினத்தின் வெடிப்பும் சகரத்தின் உரசலும் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருப்பவை. அவற்றின் அலைநீளம் சில அங்குலம்தான். சுவரும் திரைச்சீலையும் அவற்றைத் தடுத்துவிடுகின்றன. தாளம் என்னிடம் வந்தது, சொல் ஹாலிலேயே நின்றுவிட்டது. சொல்லை வைத்துப் பிழைக்கிறவள் நான். என் பணத்தில் வாங்கிய பொருள் எனக்கு ஒரு சொல்லைக்கூடக் கொண்டுவந்து தரவில்லை.

2019இல் தம்பி பேசும் ஸ்பீக்கர் ஒன்றைப் பரிசளித்தான். இதை அடுப்படியிலேயே வைத்துக்கொண்டேன். “கே.பி. சுந்தராம்பாள் பாட்டுப் போடு” என்றேன். ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது. திரும்பச் சொன்னேன், திரும்பவும் மன்னிப்பு. மகன் வந்து, “அப்படி இல்லம்மா. சுண்ட்ரம்பல்னு சொல்லு” என்றான். சொன்னேன். பாடியது. வகுப்பில் லகர ளகர வேறுபாட்டுக்காக மாணவிகளை நாலு முறை திருப்பிச் சொல்லவைக்கிற நான், பாட்டுக் கேட்பதற்காக என் நாக்கை வளைத்துக்கொண்டேன். அவனோ அந்தப் பெட்டியிடம் ‘போடு’, ‘நிறுத்து’, ‘வாயை மூடு’ என்று கத்துவான். அது கோபப்படாது. இப்படிப்பட்ட கருவிகளுக்குப் பெண்குரலையே இயல்பாக வைப்பது, பெண்கள் பணிந்து ஏவல் செய்பவர்கள் என்ற எண்ணத்தை வலுப்படுத்துகிறது என்று அதே ஆண்டு யுனெஸ்கோ அறிக்கை ஒன்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கை எனக்குப் புதிதாக இல்லை. அவன் கத்தும் தொனி எங்கே கற்றுக்கொண்டது என்று யோசித்தபடி கரண்டியோடு நின்றேன்.

அடுத்த ஆண்டு ஊரடங்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் சமைக்கிறேன் என்று உள்ளே போனார். நான் முதல்முறையாக அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “என்ன பாட்டு அது? இங்க வெறும் டம் டம்னுதான் கேக்குது.”

“பதினோரு வருஷமா அப்படித்தாங்க கேக்குது” என்றேன்.

உள்ளே கொஞ்ச நேரம் தாளிக்கிற சத்தம்கூட இல்லை.

அம்மாவின் ரேடியோ நினைவுக்கு வந்தது. அடுப்படி அலமாரியில் இருந்த பழைய டிரான்சிஸ்டர் அது. நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. திருச்சி வானொலி அதில் சொல் சிதையாமல் கேட்கும். அப்பா புது டேப் ரெக்கார்டர் வாங்கி ஹாலில் வைத்தபோது ரேடியோ அம்மாவிடம் வந்தது. அம்மாவுக்கு நல்ல பங்கு கிடைத்தது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். நானும் அப்படி ஒரு சின்ன ஸ்பீக்கரை அடுப்படியில் வைத்துக்கொள்ளலாம். வைத்தால், என் இடம் அதுதான் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

இப்போதெல்லாம் மாலை ஆறிலிருந்து ஏழு வரை அந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். ஸ்பீக்கர் அதேதான், குரல் இன்னும் தகரமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் சொற்கள் கேட்கின்றன. இரவுச் சாப்பாடு சில நாள் தாமதமாகிறது. அதை யார் சரிசெய்வது என்ற பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.