பாரம் எங்க போச்சு?

“சுவிட்சை ஓஃப் பண்ணிப் பூட்டுப் போடுறதுதானே, அதுக்கு ஒரு நாள் வகுப்பா?” என்று இளம் பொறியியலாளர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். பாலாவிச் சீமெந்து, மாதம்பைத் தேங்காய் மில், சிலாபத்து ஐஸ் பெக்டரி என்று புத்தளக் கரையோரம் முழுக்கக் கொன்ட்ராக்ட் ஃபிட்டராகக் கை கறுத்தவன் நான். அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன். சிரித்தது போதாது என்று இப்போது படுகிறது.

கரன்டைப் பூட்டுவது சுலபம். பிரேக்கரை இறக்கி ஆளுக்கொரு பூட்டு, திறப்பு அவரவர் பையில், பிறகு மெஷினடிக்குப் போய் ஸ்டார்ட் பட்டனை அமத்திப் பார்ப்பது. இது யாருக்கும் தெரிந்ததுதான். கஷ்டம் பக்கெட் எலிவேட்டரில்.

அடைத்து நின்றுவிட்ட எலிவேட்டரை நினைத்துப் பாருங்கள். ஏறும் பக்கத்து வாளிகள் நிறைய அரைத்த கல்மாவு. இறங்கும் பக்கம் வெறுமை. கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும். செயின் பின்னோக்கி ஓடாமல் பிடிக்கும் பேக்ஸ்டொப் இருப்பதோ அதற்குள்தான். கப்ளிங்கைப் பிரித்தால் மேலே நிற்கும் பாரத்தைப் பிடிக்க ஒன்றுமில்லை. செயின் பின்பக்கமாக ஓடும், பிரேக்கரில் பூட்டுத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

எனக்கு வேலை பழக்கிய போர்மன், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிட்டவர், இந்த ஒரு மெஷினில் எங்களை வதைத்தார். பூட்டுப் போட்டுவிட்டோம் என்று சொன்னால் திரும்பியும் பார்க்கமாட்டார். “கரன்ட் போச்சு, சரி. பாரம் எங்க போச்சு?” என்பார். பதில் தெரியாதவன் ஸ்பேனர் தொடக்கூடாது. முடிந்தால் வாளிகளை வெறுமையாக்க வேண்டும். முடியாவிட்டால் செயினின் இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு மேல் பீமோடு பிடிக்க வேண்டும். செயின் புளொக் ஒன்றை மட்டும் நம்ப விடமாட்டார். பாரம் முழுக்கக் கிளாம்பில் வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கப்ளிங் போல்ட். அந்த நேரமெல்லாம் மேலிடத்திலிருந்து ஆள் வந்து, உற்பத்தி நிற்கிறதே என்று கத்துவார். நானாவுக்குக் காது கேட்காது. மற்ற நேரங்களில் நன்றாகவே கேட்கும்.

1989இல் அமெரிக்கா இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. பூட்டிய பிறகு மெஷினில் மிஞ்சி நிற்கும் சக்தியை வெளியேற்று, அல்லது கட்டிப்போடு, பிறகு சோதித்துப் பார் என்கிறது அது. நானா அதைப் படித்தவரல்ல. நம்முடைய தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டுக்குரியது. ஓடும் மெஷினுக்கு வேலி போடச் சொல்கிறது. வேலி, ஓடுகிற மெஷினுக்கு. நான் சொல்வது நிற்கிற மெஷின்.

ஐஸ் பெக்டரியில் இன்னொரு விதம். திரவ அமோனியா நிற்கும் குழாயில் இரண்டு பக்க வால்வையும் இறுக்கிப் பூட்டிவிட்டால், சூடேற ஏற அது விரிந்து குழாயையே பிளக்கும். அங்கே பூட்டுவதே ஆபத்து. மாம்புரிக் காற்றாலைக்காரரைக் கேளுங்கள்: இறகைத் திருப்பி, பிரேக் பிடித்து, அதற்கும் மேல் ரோட்டருக்கு லொக் பின் குத்தாமல் ஹப்புக்குள் இறங்கமாட்டார்கள். காற்றுக்கு மெயின் சுவிட்ச் இல்லையே.

இப்போது எல்லா இடத்திலும் லேமினேட் பண்ணிய சிவப்பு அட்டை தொங்குகிறது. அட்டை அழகு. ஆனால் பத்துப் பேர் உள்ளே, பூட்டு ஒன்று. திறப்பு சூப்பர்வைசர் மேசையில். மலிவான பூட்டு உப்புக் காற்றில் ஒரு சோளகத்தைத் தாங்காமல் துருவேறி இறுகும், உடனே கிரைண்டரால் அறுக்கிறார்கள். பித்தளைப் பூட்டு வாங்கக் காசில்லையாம். ஒரு முறை அறுத்துப் பழகிய கை, உள்ளே ஆள் இருக்கிறதா என்று அடுத்த முறை கேட்கவா போகிறது?

ஒரு மில்லிலிருந்து இன்னமும் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கொரு பூட்டு தருவீர்களா என்று கேட்டேன். “அண்ணே, ரெண்டு மணித்தியால வேலைதானே” என்றார்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், பார்த்தும் விட்டார்கள்.