பழைய ரீலுக்கு மாற்று உருளை

ஒட்டன்சத்திரம், ஆடி 6

கொடைக்கானலில் நெடுங்காலம் வாழ்ந்த நண்பர் ஒருவர், தம்முடைய தூண்டில் ரீல்கள் இரண்டை என் வசம் ஒப்புவித்திருக்கிறார். ஒன்று இங்கிலாந்தின் ஆல்னிக் நகரத்து ஹார்டி சகோதரர்களின் ‘பெர்பெக்ட்’. மற்றொன்று பிரான்ஸ் தேசத்தின் க்ளூஸ் நகரில் உருவான ‘மிச்செல் 300’. 1863-இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கி மீன் விட்ட நாள்தொட்டு அம்மலையில் வேரூன்றிய தூண்டில் வினோதத்தின் எச்சங்களாகிய இவ்விரண்டிலும், நரம்பு சுற்றும் உருளை பழுதுபட்டிருக்கிறது.

ஆடி 9

மிச்செலின் பிளாஸ்டிக் உருளை நடுவில் விரிந்துவிட்டது. பாரத்தில் நீண்ட தங்கூசி நரம்பு, சுற்றப்பட்டபின் தன் இயல்பான நீளத்துக்குச் சுருங்க முயல்வதும், சுற்றின்மேல் சுற்றாக அந்த அழுத்தம் சேர்ந்து உருளையை நெரிப்பதுமே இதற்குக் காரணம். ஆலையில் ஏராளமாகச் செய்யப்பட்ட ரீல் ஆதலால், பழம்பொருள் விற்பவர்களிடம் இதன் மாற்று உருளை கிடைக்கிறது. ஆனால் திருகைக் கழற்றி எடுக்கும் முந்திய வகையா, பொத்தானை அழுத்தி எடுக்கும் பிந்திய வகையா என்பதை முதலில் நிச்சயிக்க வேண்டும். ஓடும் மீனுக்கு நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் வட்டுகள் உருளைக்குள்ளேயே இருப்பதால், அவையில்லாத வெற்று உருளை எத்தனை மலிவாயினும் பயனற்றது. மெல்லிய நரம்புக்கு ஆழம் குறைந்ததும், தடித்த நரம்புக்கு ஆழமுள்ளதும் உத்தமம்.

ஆடி 14

ஹார்டியின் விஷயம் வேறு. உருளைக்கும் சட்டகத்துக்கும் இடையே மயிரிழை அளவே வெளிவிட்டு, ஒவ்வொன்றையும் தொழிலாளி தன் கையாலேயே இழைத்துப் பொருத்திய காலத்துப் பொருள் அது. அதே விட்டமுள்ள வேறொரு ‘பெர்பெக்ட்’டின் உருளையை இரவல் வாங்கிப் பொருத்தியபோது, ஒருபுறம் உரசிக்கொண்டே சுழன்றது. அலுமினியத்தில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம் என்று எண்ணி, கிணற்று மோட்டார்களுக்கு உறுப்புகள் செய்யும் கடைசல் பட்டறைக்குச் சென்றேன். பட்டறைக்காரர் பழைய உருளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “புதுசு கடைஞ்சு தந்துரலாங்க சார், ஆனா கொஞ்சம் கனம் கூடினாலும் சுத்து நிக்காம ஓடி நரம்பு சிக்கிக்கும். விளிம்புலதானே நசுங்கியிருக்கு? மரக்கட்டைமேல வெச்சு மெதுவா எடுத்துரலாம்,” என்றார்.

ஆடி 17

நசுங்கல் நீங்கிய ஹார்டி இன்று உரசலின்றிச் சுழன்றது. அளவுகள் யாவும் ஒன்றாயிருக்கும்படி ஆலை வார்த்த பொருளுக்கு அதன் இனத்திலேயே மாற்றுத் தேடுவதும், ஒரு மனிதன் தன் கையளவில் பொருத்திய பொருளுக்கு மாற்றை நாடுமுன் பழையதையே செப்பனிட முயல்வதும் தர்மம் என்று எனக்குத் தோன்றுகிறது. விலையையும் பெயரையும் ஒப்பிடுவதற்கு முன், ஒரு பொருள் எவ்விதம் பிறந்தது என்று விசாரிப்பதே ஒப்பீட்டின் முதற்படி.