தார்ச்சாலையும் கரிசல் வழியும்

மதுரை மாநகரிலிருந்து நாற்புறமும் கிளம்பும் சாலைகளைக் காண்போர், இவ்வட்டாரத்தில் வழிக்கு என்ன குறை என்றே எண்ணுவர். வடகிழக்கே மேலூருக்கும் தெற்கே திருமங்கலத்திற்கும் அகன்ற நெடுஞ்சாலைகள் செல்கின்றன. ஆயினும் அச்சாலைகளை விட்டு இறங்கி இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே சென்றால் வேறோர் உலகம் தொடங்குகிறது. மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் சரளைக்கல்லும், திருமங்கலத்திற்குத் தெற்கே கரிசல் மண், வைகையை அடுத்தால் மணல், எங்கும் கண்மாய்க்கரை. கோடையில் இவையெல்லாம் வழிகளே. ஐப்பசி, கார்த்திகையில் இவற்றுள் சில வழிகளாக இருப்பதில்லை.

இதனை நாம் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து இரவொன்றில், கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. எண்பது வயதைக் கடந்த தாய் ஒருவர் இறுதி நிலையில் இருந்தார். நற்கருணைச் சிமிழை மார்பில் தொங்கவிட்டு, புனித எண்ணெயை எடுத்துக்கொண்டு, அப்போது நம்மிடம் இருந்த நூறு சி.சி. வண்டியில் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் அது குறையின்றி ஓடிற்று. கரிசல் வழியில் இறங்கி அரைக் கிலோமீட்டர் செல்வதற்குள், டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே களிமண் அப்பிக்கொள்ள, முன்சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. நாமும் வண்டியும் ஒருங்கே சாய்ந்தோம். வண்டியை அங்கேயே விட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். வீட்டை அடைந்தபோது அந்தத் தாயின் கண்களை மூடிவிட்டிருந்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்குமாம்.

“அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு சாமி” என்றார் மகன். குறை கூறும் தொனி அவர் சொல்லில் இல்லை. அதனாலேயே அச்சொல் நம்மை விட்டு நீங்கவில்லை.

இம்மண்ணில் மறைபரப்பிய முன்னோர்களுக்கு வாகனம் ஏது என்று கேட்கலாம். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரும், 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் இதே வெயிலிலும் சேற்றிலும் நடந்தவர்களே. அவர்களை நினைக்கும்போது வண்டியைப் பற்றிப் பேசவே நாணுகிறோம். ஆனால் விரைவு என்பது சில வேளைகளில் வசதியன்று, கடமையின் ஒரு பகுதி. ஜெர்மனி நாட்டுக் குருவான பவுல் ஷுல்ட்டே, ஆப்பிரிக்காவில் பணியாற்றிய தம் நண்பர் தக்க நேரத்தில் மருத்துவமனை சேர வழியின்றி இறந்ததை அறிந்து மனம் நொந்தார். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டிய அவர், மறைப்பணியாளர்களுக்கு வாகனங்கள் அளிப்பதற்கென்றே 1927-இல் ‘மீவா’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். காலந்தாழ்ந்து சேர்வதன் துயரை அவரும் அறிந்திருந்தார்.

பழைய வண்டிக்குப் பதிலாகப் புதியதொன்று தேவை என்ற பேச்சு பங்குப் பேரவையில் எழுந்தபோது, உறுப்பினர் ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: “சாமி, நமக்குப் பதினோரு ஊர். ஒன்பது ஊருக்குத் தார் ரோடு இருக்கு. ரெண்டு ஊருக்காகவா தனி வண்டி?” அவரே சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்த ரெண்டு ஊருக்குத்தான வேணும்” என்று முடித்தார். தொண்ணூற்றொன்பது ஆடுகளின் உவமையை நாம் எடுத்துரைக்க வேண்டிய தேவை எழவில்லை.

தார்ச்சாலைக்கும் மண்வழிக்கும் ஒருங்கே பொருந்தும் மோட்டார் சைக்கிள்கள் உலகில் புதியன அல்ல. 1968-இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட டி.டி.1 என்ற வண்டி இவ்வகையைப் பரவலாக்கிற்று. நம் நாட்டில் 1955 முதல் சென்னையில் உருவாகிய புல்லட் வண்டியே நெடுங்காலம் எல்லா வழிக்கும் போதும் என்று கருதப்பட்டது. மண்வழியையும் மனத்தில் கொண்டு அமைந்தவற்றுள் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016-இலும், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டி 2019-இலும் வந்தன. நம் பங்கு இளைஞர் இருவரிடம் இவ்விரண்டும் இருந்தன. ஹிமாலயன், 411 சி.சி. கொண்ட முந்தைய வகை. ஒரு சனிக்கிழமை அவ்விரண்டையும் இரவல் பெற்று, அவ்விளைஞர்களையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

விடியற்காலையில் கோரிப்பாளையத்திலிருந்து பயணம் தொடங்கிற்று. நகர நெரிசலில் இரண்டுமே பணிவாக நடந்துகொண்டன. உயர்ந்த இருக்கையில் அமர்ந்தால் ஆட்டோக்களுக்கு அப்பாலும் பார்வை செல்கிறது. அது ஒரு நன்மை. மாட்டுத்தாவணியைக் கடந்து, ஒத்தக்கடையில் ஆனைமலை படுத்த யானையாய்த் துணை வர, மேலூர் நெடுஞ்சாலையில் சென்றபோது ஹிமாலயனின் எடை வரமாகத் தோன்றிற்று. எதிர்க்காற்றிலும் பேருந்து கடந்து செல்லும் வீச்சிலும் அது அசையவில்லை.

மேலூருக்கு அப்பால், பெரியாற்று நீர் பாயும் கண்மாய் ஒன்றின் கரையில் ஏறினோம். இங்கேதான் அளவுகளின் பொருள் புரிந்தது. நூறு சி.சி. வண்டிகளின் அடிவயிறு தரையிலிருந்து ஏறத்தாழ 165 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். இவ்விரண்டிற்கும் 220 மில்லிமீட்டர். அந்த மூன்று விரற்கடை வேறுபாட்டால், முன்பு வயிற்றில் இடித்த கற்கள் இப்போது இடிக்கவில்லை. முன்சக்கரம் இரண்டிலும் 21 அங்குலம். பெரிய சக்கரம் குழியில் விழுவதற்குப் பதிலாக அதன் மேல் உருண்டு செல்கிறது. ஸ்போக் சக்கரமாதலால் அடிபட்டாலும் எளிதில் உடையாது. டியூப் டயராதலால் கிராமத்துப் பங்க்சர் கடையில் ஒட்டிக்கொள்ளலாம்.

கரையில் திரும்ப முயன்றபோது ஹிமாலயனோடு விழுந்தோம். காயமில்லை. ஆனால் 199 கிலோ எடையுள்ள அவ்வண்டியைத் தனியே நிமிர்த்த நம்மால் இயலவில்லை. இளைஞர்கள் பின்தங்கியிருந்தனர். வயலில் நின்ற விவசாயிகள் இருவர் வந்து தூக்கிவிட்டார்கள். “ராத்திரின்னா என்ன பண்ணுவீங்க சாமி?” என்றார் ஒருவர். அன்றைய பயணத்தில் நாம் பெற்ற சிறந்த ஆலோசனை அக்கேள்வியே.

எக்ஸ்பல்ஸ் ஏறத்தாழ 158 கிலோ. அதனை வேண்டுமென்றே மெல்லச் சாய்த்து, நாமே நிமிர்த்திப் பார்த்தோம், முடிந்தது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. இருக்கை 825 மில்லிமீட்டர் உயரம், ஹிமாலயனில் 800. நம் உயரத்திற்கு எக்ஸ்பல்ஸில் கால்விரல்களே தரை தொட்டன. சாய்வான கரையில் கால் ஊன்ற இயலாமை சிறிய குறையன்று. இலேசான வண்டி உயரம், தாழ்ந்த வண்டி கனம் என்று, இரண்டுமே நம்மிடம் ஒன்றைத் தந்து ஒன்றைக் கேட்டன.

பிற்பகலில் திருமங்கலத்திற்குத் தெற்கே, அந்தத் தாயின் ஊருக்குச் செல்லும் அதே வழியில் இறங்கினோம். கரிசலின் இயல்பு நம் உழவர்கள் அறிந்ததே. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஊதும், ஊதியது ஒட்டும். ஆகையால் சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் இடையே இடைவெளி வேண்டும். எக்ஸ்பல்ஸில் முன் மட்கார்டு சக்கரத்தை விட்டு உயர்ந்து நிற்கிறது. முந்தின நாள் பெய்த மழையில் பாதி ஈரமாயிருந்த அவ்வழியில் அது வழுக்கிற்று, திணறிற்று, ஆனால் நிற்கவில்லை. டயரில் கட்டங்கள் ஆழமாக இருந்தால் மண்ணைப் பற்றும். ஆயின் அதே டயர் நனைந்த தார்ச்சாலையில் பிடிப்புக் குறைந்து, இரைச்சலிட்டு, விரைவில் தேயும். எனவே இரண்டிற்கும் நடுவான டயரே நமக்கு உகந்தது. ஏ.பி.எஸ். பிரேக்கிற்கும் இதே நிலைதான். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் முழுமையாகக் கட்டாயமாக்கப்பட்ட அவ்வமைப்பு தார்ச்சாலையில் உயிரைக் காக்கும். சரளையில் சிலவேளை வண்டி நிற்கும் தூரத்தை நீட்டும். ஓட்டுபவர் மண்ணில் வேகத்தைக் குறைப்பதே அதற்கு மாற்று.

மாலையில் பேரவையினரிடம் நம் முடிவைச் சொன்னோம். நெடுஞ்சாலைச் சுகத்தை விட, இரவில் தனியே விழுந்தால் தனியே எழுப்பக்கூடிய வண்டியே வேண்டும். உயரத்திற்காகப் பின் ஷாக் அப்சார்பரைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். எடைக்கு மாற்று ஏதுமில்லை. மேலும், அவ்வண்டி நமக்கு மட்டும் உரியதன்று. உதவிக் குருவும் உபதேசியாரும் ஓட்டுவர். நாம் மாற்றலாகிச் சென்றபின் வருபவரும் ஓட்டுவார். புதிது வாங்கவும் மனம் இசையவில்லை. மக்கள் கூலியிலிருந்து கொடுத்த காசு அது. நன்கு பராமரித்த எக்ஸ்பல்ஸ் ஒன்று பழைய விலைக்குக் கிடைத்தது. மிஞ்சிய தொகையில் நல்ல தலைக்கவசங்கள் இரண்டும், பூசைப் பெட்டிக்கு மழை புகாத பையும் வாங்கினோம்.

வண்டியை மந்திரித்த ஞாயிறன்று மாலை, முதல் பயணமாக அந்த ஊருக்கே சென்றோம். அந்தத் தாயின் மகன் வாசலில் நின்றிருந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் இடையே கையை நுழைத்து அளந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், எந்த இடத்தில் வழி தாழ்ந்து நீர் தேங்கும், எந்தக் கருவேல மரத்தினருகே திரும்பினால் மேட்டு வழியாக வரலாம் என்று முன்னே நடந்து காட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் அறிந்திருக்க வேண்டியது அது. எந்த வண்டியிலும் வழியறிவு சேர்ந்து வருவதில்லை. அதனை அந்தந்த ஊராரிடமே கேட்டுப் பெற வேண்டும்.

அன்று மண் காய்ந்திருந்தது. உண்மையான சோதனை இனிமேல்தான். ஐப்பசி பிறக்கட்டும், அழைப்பு வரும் இரவில், யாரும் வாசலைப் பார்த்தே ஓய்ந்துவிடாதிருக்க இறைவன் அருள்வாராக.