பிஞ்சுக் கைகளும் பொறியியலும்

பொறியியல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலமும், 452 மீட்டர் உயர்ந்து நிற்கும் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரமும் அன்றோ? அவற்றை அண்ணாந்து பார்க்கும் பெற்றோர் பலர், “இதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் படிப்பு” என்று பெருமூச்சு விட்டு அமைந்துவிடுகின்றனர். ஆனால், அப்படிப்பிற்கான ஆர்வம் நான்கைந்து வயதிலேயே, அதுவும் நம் வீட்டு வாசலிலேயே முளைவிடுகின்றது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தொழிலாளியின் மகளாகப் பிறந்து, இன்று பாலர் வகுப்பில் மழலையரோடு பழகும் பேறு பெற்ற நான், கண்டறிந்த சிலவற்றை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறேன்.

என் தந்தையார் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆயினும், எனக்கு முதன்முதல் பொறியியல் கற்பித்தவர் அவரே. ஓய்வு நாள்களில் என் கையைப் பிடித்துத் தம் நிரைக்கு அழைத்துச் செல்வார். மரத்தின் வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சரிந்திருப்பதைக் காட்டி, “ஏன் நேரா வெட்டாம சாய்ச்சு வெட்டியிருக்கு, சொல்லு பார்ப்போம்?” என்பார். விடையை அவர் சொல்லமாட்டார். வீடு திரும்பியதும் வாழைமட்டை ஒன்றை என் கையில் தந்து நீர் ஊற்றச் சொல்வார். மட்டையைக் கிடையாகப் பிடித்தால் நீர் தேங்கி ஓரங்களில் வழியும். சற்றே சாய்த்ததும் ஓடிச் சென்று கீழிருக்கும் மங்கில் விழும். விடையை என் கைகளே கண்டுகொண்டன. அச்சரிவு ஏறத்தாழ 30 பாகை என்பதையும், பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றுச் சாய்ந்தே செல்வதால் இவ்வாறு வெட்டும்போது மிகுதியான குழாய்கள் திறக்கின்றன என்பதையும் பின்னாளில் நூல்களில் படித்தேன். மரத்தைக் காயப்படுத்தாமல், பட்டையை மெல்லிய சீவலாக எடுத்துப் பல்லாண்டுகள் பால் பெறும் அத்தொழிலும் ஒரு பொறியியலே என்றால் மிகையாகாது.

எங்கள் விளையாட்டைக் கண்ட அண்டை வீட்டுப் பாட்டி, “பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குப்பா?” என்று கேட்டதுண்டு. “வெட்டுறது ஆம்பளையா பொம்பளையான்னு மரத்துக்குத் தெரியுமா ஆயா?” என்று தந்தையார் சிரித்தவாறே விடை பகர்வார்.

உலகப் புகழ்பெற்ற ரைட் சகோதரர்களின் வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. அவர்களுடைய தாயார் சூசன், வண்டி செய்யும் தொழிலாளியின் மகள். கருவிகளைக் கையாள்வதில் வல்லவரான அவர், தம் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்களைத் தாமே செய்து கொடுத்தார். 1878ஆம் ஆண்டில் தந்தையார் ஒரு பறக்கும் பொம்மையை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, தாள் ஆகியவற்றால் ஆன அப்பொம்மையை மேலெழச் செய்தது முறுக்கிய ரப்பர் இழையே! அதற்கு முந்திய 1877ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்திற்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்திருந்தன என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது. அப்போது வில்பருக்கு வயது 11, ஆர்விலுக்கு 7. பொம்மை உடைந்ததும் அவர்கள் அழுது அடங்கிவிடவில்லை. அதைப் போலவே தாங்களும் செய்து பார்த்தனர். 1903 டிசம்பர் 17ஆம் நாள் அவர்கள் உருவாக்கிய வானூர்தி முதன்முதலாக 12 விநாடிகள் பறந்தது.

“எனக்குப் படிப்பில்லையே டீச்சர், பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பேன்?” என்று என்னிடம் ஒரு தாய் வருந்தினார். அவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பாரத்தை எப்படி ஏற்றுவார் என்று வினவினேன். “சக்கரத்துப் பக்கமா தள்ளி வைக்கணும் டீச்சர், கைப்பக்கம் வச்சா தூக்க முடியாது” என்றார் சட்டென்று. நெம்புகோல் தத்துவம் இதுவேயன்றோ! அன்று மாலையே அவர் ஒரு கம்பின் முனையைப் படிக்கட்டில் வைத்து, மறுமுனையை மகனிடம் பிடிக்கக் கொடுத்தார். மணல் நிரப்பிய பால் டின்னை முதலில் படியருகிலும், பின்னர் அவன் கையருகிலும் தொங்கவிட்டார். மறுநாள் அச்சிறுவன் வகுப்பில் எழுந்து நின்று, “எங்கம்மா சொல்லிக் கொடுத்தாங்க!” என்று தொடங்கிச் செய்து காட்டியபோது அவன் முகத்தில் கண்ட பெருமிதத்தை என்னென்பேன்!

பெற்றோர்களே! விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்கள் இதற்குத் தேவையில்லை. இரண்டு பால் டின்களின்மீது ஒரு தாளைப் பாலம்போல் வையுங்கள். சில காசுகளை வைத்ததும் அது சரிந்து விழும். அதே தாளை விசிறிபோல் மடித்து வைத்தால் பல காசுகளைத் தாங்கும். பின்னர்ப் பிள்ளையை வெளியே அழைத்துச் சென்று, நெளிநெளியான தகரக் கூரையைக் காட்டுங்கள். அடுத்து, மிதிவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, பின்சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டுங்கள். மிதியை ஒரு முறை மெல்லச் சுற்றினால் துணி எத்தனை முறை சுற்றுகின்றது என்று பிள்ளை எண்ணட்டும். முன்பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்னதில் 16 பற்களும் இருப்பின் மும்முறை சுற்றும். சங்கிலியிலும் சக்கரத்திலும் பிஞ்சு விரல்கள் சிக்காதவாறு பெரியவர்களே சுற்றுதல் நலம். கத்தி, மின்கம்பி, விழுங்கத்தக்க சிறு பொருள்கள் ஆகியன குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது.

பிள்ளை அடுக்கிய கோபுரம் சரிந்தால், உடனே நாம் கை நீட்டி அடுக்கித் தரலாகாது. “ஏன் விழுந்தது? அடியில் எதை வைக்கலாம்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். “தொடாதே, சும்மா இரு” என்ற அதட்டலை நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளை, நாளடைவில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடும். இதனினும் பெரிய இழப்பு வேறு யாது?

இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம்மவர் பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறிவிட்டனர். பால்வாளியும் மங்கும் காணாத பிள்ளைகளின் கையில் கைப்பேசி இருக்கின்றது. இடம் மாறினாலும் நம் கைகள் கற்ற அறிவு நம்மைவிட்டு அகலவில்லை. லாரி ஓட்டுபவரும், தையல் தைப்பவரும், தொழிற்சாலையில் பொருள்களைப் பொருத்துபவரும் அவ்வறிவை உடையவர்களே. வேலை முடிந்து களைத்து வந்தாலும், மாலையில் அரை மணி நேரம் பிள்ளையோடு அமர்ந்து, தாம் செய்யும் தொழிலின் நுட்பத்தை விளையாட்டாகச் சொல்லித் தருதல் எல்லார்க்கும் இயலும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் முன்னோர் வாக்கு. நம் உழைப்பைப் பிள்ளைகள் கண்டனர். அவ்வுழைப்பினுள் உறையும் அறிவையும் அவர்கள் காணட்டும். நாளைய பாலங்களைக் கட்டும் கைகளுள் நம் மழலையரின் கைகளும் இடம்பெறட்டும்!